பூனைக்காலிக்கு ஏழு தண்ணீர்

தோமையார்பட்டி
11 ஆகஸ்ட் 2024

மதலேனாள் அக்காவுக்கு,

உன் தம்பி சூசைமுத்து எழுதுகிறேன். நான்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

எழுபத்தொரு வயதில் ஜெபஷீலா டீச்சரின் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். உரச் சாக்கு படிக்கிறேன். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிறேன். போன வாரம் கோயில் சுவரில் பதித்த கல்லில் நம் அப்பா பெயர் இருப்பதைப் படித்தேன். இத்தனை வருஷம் அந்தக் கல்லில்தான் சாய்ந்து உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சுபாஸ்ரீ என்று பழனிசெட்டிபட்டிப் பெண் ஒருத்தி. காலேஜில் காட்டுப் பயறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பூனைக்காலி யார் பறிப்பார்கள் என்று கேட்டு வந்தாள். ஊரே என்னைக் கை காட்டியது. வேறு யாரைக் காட்டும்? அந்தக் காயின் சுணை மேலே பட்டால் மூன்று நாள் சொறிய வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பறிக்க இந்த அடிவாரத்தில் நான் ஒருவன்தான்.

வீட்டில் இருந்த விதையைக் கொடுத்தேன். நூறு விதையை எண்ணி நிறுத்தாள். எண்பத்து மூன்று கிராம். கிடுக்கி போல ஒரு கருவியால் ஒவ்வொரு விதையின் நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்தாள். என்னை அளந்து சட்டை தைத்த டெய்லர்கூட இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. ஊற வைத்து நிறுத்தாள். எடை இரண்டு பங்கு ஆகியிருந்தது. நூற்றில் ஆறு மட்டும் ஊறாமல் அப்படியே பளபளவென்று கிடந்தது. "அது கல்லுப் பயறும்மா, தூக்கிப் போடு" என்றேன். கல்லுப் பயறு என்றே நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்ன சொல்லை ஒருத்தர் எழுதி, அதை நானே படித்தேன் அக்கா.

அடுத்தது எப்படி வேக வைப்பது என்று கேட்டாள். எனக்குப் பறிக்கத்தான் தெரியும். செபஸ்தியார் திருநாளில் ஊருக்கே சோறு போடும் அசனத்தில் பதினெட்டு வருஷம் இந்தப் பயறை வேக வைத்தவள் நீ. எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும்? ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்? கோபம் இருந்தால் கோபத்தோடே எழுது. எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் தம்பி
சூசைமுத்து

(காலையில் மாடு மேய்ச்சலுக்குப் போகும்போது ஆரம்பித்தேன். மாடு திரும்பிவிட்டது.)


வண்டன்மேடு
22 ஆகஸ்ட் 2024

சூசைமுத்துக்கு,

கடிதம் வந்தது. உன் எழுத்து, மழைநாளில் ஏலத்தோட்டத்து அட்டை நெளிவதுபோல இருக்கிறது. ஆனாலும் படிக்க முடிந்தது. என் மகள் பிரின்சியிடம் காட்டினேன். "மாமாவா எழுதினாக?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த அளவுக்கு உனக்குப் பெருமை போதும்.

முப்பது வருஷம் கழித்து என்னிடம் பக்குவம் கேட்கிறாய். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜனவரி இருபது. நான் வேக வைத்த பயறைத் தின்று நாற்பத்து மூன்று பேர் தலைசுற்றி வாந்தி எடுத்தார்கள். மறுநாளே எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். நான்தான் எழவில்லை. ஊர்க் கூட்டத்தில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீ என்ன சொன்னாய்? மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. "ஏழு ஜெபமாலை நான் முழுசாச் சொன்னேன். அக்கா எத்தனை தண்ணி ஊத்துச்சோ, அது எனக்குத் தெரியாது" என்றாய்.

அவ்வளவுதான். "மதலேனா ஒரு தண்ணிய முழுங்கிட்டா" என்று குழாயடியில் பேச்சு. அசனம் ஆக்கும் கிடாரத்தை நான் தொடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பயறையும் அசனத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். நான் மலையேறி இங்கே வந்தேன். இங்கே தோட்டத்துக்காரர்கள் என்னை அம்மச்சி என்கிறார்கள். எண்ணத் தெரியாதவள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அந்தப் பெண் உன் பேச்சைக் கேட்டு எதையாவது தின்று வைத்தால் பாவம். அவளுக்காக எழுதுகிறேன். ஒரு ராத்திரி ஊற வை. ஊறின தண்ணீரைக் கொட்டு. ஊறாத கல்லைப் பொறுக்கி எறி. புதுத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் ஒரு ஜெபமாலை சொல்லும் நேரம் வேகட்டும். வடித்துக் கொட்டு. மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி ஒரு ஜெபமாலை. இப்படி ஏழு தண்ணீர். உப்பு கடைசியில்தான். முதலிலேயே போட்டால் தோல் இறுகிப்போகும்.

இனி எழுதாதே.

மதலேனாள்


தோமையார்பட்டி
15 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். ஆனால் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி சுபாஸ்ரீயிடம் சொன்னேன். ஏழு தண்ணீர் வரைக்கும் எழுதிக்கொண்டாள். ஜெபமாலை என்றதும் பேனாவை நிறுத்திவிட்டாள். "அது எத்தனை நிமிஷம் தாத்தா?" என்றாள். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? "நிமிஷம் எல்லாம் கிடையாதும்மா, ஒரு ஜெபமாலைன்னா ஒரு ஜெபமாலைதான்" என்றேன். "அப்படின்னா சொல்லிக் காட்டுங்க" என்று போனில் கடிகாரத்தை ஓடவிட்டாள். நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியையும் ஒன்று விடாமல் சொன்னேன். மூச்சு இரைக்கவில்லை. இந்த வயதிலும் என் வாய் அப்படியே இருக்கிறது. போனைப் பார்த்தாள். பதினோரு நிமிடம்.

பதினோரு நிமிடம், ஏழு தடவை. காலேஜில் அடுப்பு வைத்து அப்படியே வேக வைத்தாள். நானும் பஸ் ஏறிப் போனேன். பயறை விரலால் நசுக்கினாள். மேலே மாவு, உள்ளே கட்டி. வடித்த தண்ணீரை ஏழு கண்ணாடிக் குடுவையில் வரிசையாக வைத்தாள். முதல் தண்ணீர் கறுப்பு. ஏழாவதும் டீத் தண்ணீர் நிறம். அந்த விதைக்குள் ஒரு சத்து இருக்கிறதாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் அதையே மருந்தாகக் கொடுக்கிறார்களாம். தண்ணீரில் வடிந்து வெளியே போகாவிட்டால் தலைசுற்றலும் வாந்தியும் வருமாம். "இந்த முறையில வேகல தாத்தா, யாரும் சாப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

பார்த்தாயா அக்கா! நீ ஏழும் ஊற்றினாய். ஏழு ஊற்றினாலும் அது வேகாது. குற்றம் உன்மேல் இல்லை. முறையில்தான். இனி ஊரில் ஒருத்தன் உன்னைக் குறை சொல்லட்டும், நான் காலேஜ் காகிதத்தைக் காட்டுகிறேன். அதை நானே படித்தும் காட்டுவேன்.

சந்தோஷத்தோடு
உன் தம்பி
சூசைமுத்து


வண்டன்மேடு
24 செப்டம்பர் 2024

ஏலே சூசை,

முறையில் குற்றமா? இந்த முறையில் வேக வைத்துத்தான் பதினெட்டு வருஷம் இந்த ஊரின் வயிற்றை நிறைத்தேன். அப்போதெல்லாம் ஒரு பிள்ளைக்குக்கூட ஏப்பம் கெட்டு வரவில்லை. அது எப்படி? யோசித்தாயா?

பதினோரு நிமிடத்தில் எந்த ஊரில் ஜெபமாலை முடியும்? நீ மாதாவிடம் பேசுகிறாயா, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாயா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் உலை வைத்தேன். பிரின்சியைப் போனில் நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, என் வழக்கப்படி சொன்னேன். இருபத்தொரு நிமிடம். நம்பாமல் மறுநாளும் சொன்னேன். இருபத்தொன்றரை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இல்லை. சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஏழாவது தண்ணீரை வடிக்கும்போது அது கறுப்பாக இருந்தது. "தண்ணி இன்னும் கறுப்பா இருக்கு, எறக்காதீக" என்று கத்தினேன். "ஏழு ஜெபமாலை முடிஞ்சிருச்சு, சப்பரம் கெளம்பப் போகுது, எறக்கு எறக்கு" என்று நாலு பேர் கிடாரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் அசன அடுப்பு மூட்டும் தோப்புவரை மைக் குழாய் கட்டினார்கள். அதுவரைக்கும் கிடாரத்துப் பக்கத்தில் நின்று என் வாயால் நான் சொல்லி, என் தண்ணீரை நான் மாற்றினேன். அந்த ஒரு வருஷம் மட்டும் குழாயில் கேட்டதை வைத்து மாற்றினோம்.

குழாயில் ஜெபமாலை சொன்னது யார்? நான் எழுதமாட்டேன். உனக்குத்தான் எழுத வந்துவிட்டதே. நீ எழுது.

மதலேனாள்


தோமையார்பட்டி
2 நவம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இன்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

நான்தான்.

அன்றைக்கு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. எழுத்து தெரியாதவன். கோயிலில் வாசகம் வாசிக்க என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. புத்தகம் இல்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே காரியம் ஜெபமாலை. என் சத்தம் குழாயில் போய், மலையில் மோதித் திரும்பி வந்தது. முதல் ஜெபமாலை முடிந்ததும் ஒருவன் வந்து "அண்ணே, எக்ஸ்பிரஸ் மாதிரி போறீக" என்றான். அது எனக்கு இனித்தது. இரண்டாவதை இன்னும் வேகமாகச் சொன்னேன். ஏழாவதில் எனக்கே காது கேட்கவில்லை.

ஊர்க் கூட்டத்தில் ஏழும் சொன்னேன் என்றது பொய் இல்லை. ஏழும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

சுபாஸ்ரீயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தொரு நிமிடம் வைத்து மறுபடி வேக வைத்தாள். ஏழு தண்ணீருக்கு நூற்று நாற்பத்தேழு நிமிடம். பயறு தோல் வெடிக்காமல் முழுசாக இருந்தது. ஆனால் நசுக்கினால் வெண்ணெய் போல. ஏழாவது குடுவைத் தண்ணீர் நம் கேணித் தண்ணீர் மாதிரி இருந்தது. அவர்கள் காலேஜ் கருவியில் வைத்துப் பார்த்து, பயம் இல்லை என்று சொன்ன பிறகு நான் ஒரு கிண்ணம் தின்றேன். பச்சை நிலக்கடலையை அவித்த மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கனமான ருசி. முப்பது வருஷம் ஆகிவிட்டது அக்கா. கிண்ணம் காலி.

இதை ஊரில் சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீ எழுது. அப்படியே செய்கிறேன்.

சூசைமுத்து


வண்டன்மேடு
12 நவம்பர் 2024

சூசைக்கு,

எழுதிவிட்டாய். நல்லது.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். வேறொன்றைச் சொல்கிறேன். ஊர் சொன்னதைவிட எனக்குப் பெரிய பாரம் வேறு. ஒருவேளை நிஜமாகவே ஒரு தண்ணீரை விட்டுவிட்டேனோ என்று நானே என்னைச் சந்தேகப்பட்டேன். இந்த முப்பது வருஷமும் அரிசி களைந்தால்கூட விரல் மடக்கி எண்ணினேன். பிரின்சியின் கல்யாணத்துக்கு நான் சாம்பார் வைக்கவில்லை. ஆள் வைத்துச் செய்தோம். உப்புப் போட்டேனா, இல்லையா என்று ஒரு குழம்புக்கு மூன்று தடவை ருசி பார்க்கிறவளாக ஆகிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று ஒரே தடவை உப்புப் போட்டு, ருசி பார்க்காமல் இறக்கினேன். சரியாக இருந்தது.

ஊரில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். பங்குச் சாமியார் காதில் சொல்லிவிட்டு வராதே. மைக்கில் சொல். எழுதி வைத்துக்கொண்டு படி. அழாதே. மைக், சப்பரம், பசி என்று காரணம் சொல்லாதே. நான் பாவம் என்றும் சொல்லாதே, நான் பாவம் இல்லை. ஏழு தண்ணீரும் ஊற்றினேன். அதைச் சொல்.

மதலேனாள்


தோமையார்பட்டி
9 டிசம்பர் 2024

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மாதா திருநாள். பூசை முடிந்ததும் அசனக் கமிட்டித் தலைவர் ஸ்டான்லியிடம் கேட்டு மைக்கை வாங்கினேன். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடி போட்டு, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவரும் வெளியே போகவில்லை. நீ சொன்னபடி அழவில்லை.

முடித்ததும் ஸ்டான்லி சொன்னான்: "அண்ணே, அன்னைக்கும் இதே வேகத்துல சொல்லியிருந்தீகன்னா ஒருத்தருக்கும் வாந்தி வந்திருக்காது." கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது சவரியாயி எழுந்தாள். அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி. இப்போது கம்பு ஊன்றித்தான் நிற்கிறாள். "நானும் ஒண்ணு சொல்லிருதேன். தண்ணி கறுப்பா இருக்குன்னு மதலேனா கத்துனா. அங்கன நின்ன எனக்குக் கேட்டுச்சு. எனக்குப் பசி. நாந்தேன் எறக்கு எறக்குன்னேன். அப்புறம் ஊரோட சேந்து அவளையும் பேசுனேன்" என்றாள். உட்கார மறந்து கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. வருகிற செபஸ்தியார் அசனத்தில் பூனைக்காலி மறுபடி உண்டு. கிடாரம் உன் பொறுப்பு. "வருவாகளா?" என்று ஸ்டான்லி என்னைக் கேட்டான். "என்னையக் கேக்காத. அன்னைக்கு ஊர்தானே வேண்டாம்னுச்சு, ஊர்தான் கூப்பிடணும். எழுதிக் கூப்பிடு" என்றேன். காகிதம் எடுத்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட வைத்திருக்கிறேன். ஐந்து பெயரும் எனக்குப் படிக்க வந்தது.

சுபாஸ்ரீயும் வருகிறாளாம். கிடாரத்தில் வேகிறதை அளக்க வேண்டுமாம்.

இந்த வருஷக் காய் முற்றிவிட்டது. நாளையில் இருந்து பறிக்கப் போகிறேன். வருவாயா?

சூசைமுத்து


வண்டன்மேடு
17 டிசம்பர் 2024

சூசைக்கு,

கமிட்டிக் கடிதம் கிடைத்தது.

மூன்று கிடாரம். அடிப்பக்கம் ஓட்டை இல்லாமல் பார்த்து வை. விறகு புளியங்கட்டை. பயறு நாற்பது படி, கறுப்பு தனியாக, வெள்ளை தனியாகப் பிரித்து வை. இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி மத்தியானம் ஊற வைக்க நான் அங்கே இருப்பேன்.

தோப்பில் குழாய் கட்டக்கூடாது.

மதலேனாள்


தோமையார்பட்டி
26 ஜனவரி 2025

என் அக்கா மதலேனாளுக்கு,

நீ கம்பமெட்டு பஸ்ஸில் ஏறின பிறகு ஊரில் உன் பேச்சுதான். இந்த நாலு நாளாக நான் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். மதலேனாளின் தம்பி என்று.

நானூற்றுப் பத்து பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. சவரியாயிக்கு மட்டும் வயிறு உப்பிசம். ஐந்து தடவை கேட்டு வாங்கித் தின்றாளாம். அதையும் எழுதிக்கொண்டேன்.

நீ கிடாரத்துப் பக்கத்தில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உன் வாயால் ஜெபமாலை சொன்னாய். நான் மற்றவர்களோடு நின்று பதில் சொன்னேன். உன்னை முந்திக்கொண்டு போகாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுபாஸ்ரீ போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்திரண்டு. "பாட்டிக்குள்ளயே கடிகாரம் இருக்கு" என்றாள்.

ஏழாவது தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாய். நான் டம்ளருக்கு அந்தப் பக்கம் அசன நோட்டீசைப் பிடித்து இந்தப் பக்கமிருந்து படித்தேன். ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. சத்தம்போட்டே படித்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. புகையில் சரியாகத் தெரியவில்லை. சிரித்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சுபாஸ்ரீயின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் வேக வைத்த முறை என்ற இடத்தில் மதலேனாள், தோமையார்பட்டி என்று அச்சாகப் போகிறது. பறித்தது சூசைமுத்து என்றும் வரும். இரண்டையும் ஒரே வரியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஏழாவது தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. பயறும் வெந்துவிட்டது. நீயே நசுக்கிப் பார்த்தாய். இலை போட்டு, ஊரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டான்லி "இறக்கலாமா?" என்று வந்து நின்றான். நீ அவனைப் பார்க்காமல் எட்டாவது தண்ணீரை ஊற்றி, மறுபடி முதல் மணியில் இருந்து ஆரம்பித்தாய். எதற்கு? சுபாஸ்ரீயும் கேட்கிறாள். புத்தகத்தில் ஏழு என்று எழுதுவதா, எட்டு என்று எழுதுவதா?

உன் தம்பி
சூசைமுத்து


வண்டன்மேடு
4 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி சூசைமுத்துக்கு,

ஏழு என்றே எழுதச் சொல். பயறுக்கு ஏழு போதும்.

எட்டாவது ஊருக்கு. தண்ணீர் கறுப்பாக இருக்கிறது என்று கத்தினபோது, ஒரு தண்ணீர் மாற்றுகிற நேரம்கூட இந்த ஊர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அதனால் இலையைப் போட்டுக்கொண்டு ஒரு முழு ஜெபமாலை உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன். என் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன். நடுவில் இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பந்தியைப் பார்த்தேன்.

ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

உன் அக்கா
மதலேனாள்